1968 அம்பாசிடர் மார்க் 2-ம் இன்றைய டிசையரும்: எது எதில் மேல்?

மார்க்டூ மணி எழுதியது:

இரண்டையும் அருகருகே நிறுத்தினால் முதலில் கண்ணில் படுவது ஒன்றுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி கிட்டத்தட்ட சமம். அம்பாசிடரில் 2,464 மி.மீ., 2024-ல் வந்த மாருதி டிசையரில் 2,450. மொத்த நீளம் 4,325-க்கு 3,995. அதாவது அம்பாசிடரின் மூக்கிலும் டிக்கியிலும் இருந்த கூடுதல் ஓரடிதான் குறைந்திருக்கிறது.

என்ஜின்தான் ஆச்சரியம். அம்பாசிடர் 1,489 சிசி, நாலு சிலிண்டர், சுமார் 50 குதிரைத்திறன். டிசையர் 1,197 சிசி, மூன்றே சிலிண்டர், 81.58 பிஎஸ் (இதுவும் குதிரைத்திறன் அளவுதான்). எடை அம்பாசிடருக்கு ஏறத்தாழ 1,100 கிலோ, டிசையருக்கு ஆயிரத்துக்கும் கீழே.

பழையதை எடுக்க நினைப்பவர்களுக்காகக் கேட்கிறேன். தினமும் ஓட்ட முடியுமா? இப்போது பங்கில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் அதற்கு ஒத்துவருமா? "அந்தக் காலத்து இரும்பு, இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மையா? விவரம் தெரிந்த அண்ணன்மார் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

---

வைகை62 எழுதியது:

கடைசிக் கேள்விக்கு நான் சொல்கிறேன். அம்பாசிடர் கதவைச் சாத்தும் சத்தத்தைக் கேளுங்கள், தகரத்தின் கனம் அதிலேயே தெரியும். இப்போதைய வண்டியில் பானெட்டைக் கட்டை விரலால் அழுத்தினாலே குழி விழுகிறது. சின்ன இடிக்குப் பம்பர், ஹெட்லைட், கிரில் எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள். அம்பாசிடரில் இரும்புப் பம்பரைக் கழற்றி, நிமிர்த்தி, குரோமியம் முலாம் போட்டு மறுபடி மாட்டிவிடலாம். பாதுகாப்பிலும் அதுவே மேல் என்பது என் கருத்து.

---

சென்சார் சுதா எழுதியது:

வைகை சார், பம்பரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. பத்து கிலோமீட்டர் வேகத்து இடியில் அம்பாசிடருக்குச் செலவு குறைவு. அறுபதில் கதையே வேறு.

வண்டி நசுங்காமல் இருப்பது உள்ளே இருப்பவருக்கு நல்லதல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். முன்பக்கம் 60 செ.மீ. மடங்கி வண்டி நின்றால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 24 மடங்கு விசை. 30 செ.மீ.தான் மடங்கியது என்றால் 47 மடங்கு. தகரம் வாங்காத அடியை நெஞ்சுக்கூடு வாங்கும். புது வண்டியில் முன்பக்கத்தை மடங்கவும், பயணிகள் அறையை மடங்காமல் நிற்கவும் தனித்தனி வலிமையுள்ள எஃகில் செய்கிறார்கள். தொட்டால் குழி விழும் பானெட் தகரத்துக்கும் உள்ளே இருக்கும் தூணுக்கும் சம்பந்தமே இல்லை.

2009-ல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐஐஹெச்எஸ் 1959 ஷெவர்லே பெல் ஏரையும் 2009 ஷெவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர், பாதி முகம் மோதும்படி விட்டது. பெல் ஏர் மலை மாதிரி வண்டி. ஆனால் அதன் பயணிகள் அறைதான் சுருங்கியது. ஸ்டீரிங் ஓட்டுநர் பொம்மையின் மேல் வந்து ஏறியது. உண்மையான ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்தவருக்குக் காலில் அடி, அவ்வளவுதான்.

---

வைகை62 எழுதியது:

அந்தச் சோதனையைப் பார்த்திருக்கிறேன் மேடம். பெல் ஏர் எக்ஸ் வடிவச் சட்டம் போட்ட வண்டி, பக்கவாட்டில் வலு குறைவு. அம்பாசிடர் அப்படி இல்லையே, தனிச் சட்டமே இல்லாமல் உடம்பே சட்டமாகக் கட்டிய வண்டி.

---

சென்சார் சுதா எழுதியது:

நியாயமான மறுப்பு. அம்பாசிடரை அதே மாதிரி மோதிப் பார்த்தால் எண்கள் மாறும். ஆனால் மார்க் 2-ல் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். மடங்காத ஒற்றை ஸ்டீரிங் தண்டு, கெட்டியான டேஷ்போர்டு, தலைசாய்ப்பு இல்லாத சீட், சீட் பெல்ட் கிடையாது. டிசையரில் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக், 2024 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம்.

பழையதை எடுப்பவர்கள் முதல் வேலையாக மூன்று முனை சீட் பெல்ட் போடுங்கள். நடுத்தூணில் துளை போட்டு போல்ட்டை முறுக்கிவிட்டால் போதாது. தகரம் கிழிந்து போல்ட் வெளியே வரும். உள்பக்கம் 3 மி.மீ. தகட்டை வெல்டு வைத்து, அதில் நட்டைப் பற்றவைத்துப் போட வேண்டும்.

---

டேப்பெட் துரை எழுதியது:

பிரேக்கையும் சேத்துக்கோங்க. மார்க் 2-ல நாலு சக்கரமும் டிரம்மு, ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். ஒரு வீல் சிலிண்டர் ரப்பர் கிழிஞ்சா நாலு பிரேக்கும் போச்சு. புது வண்டில லைனை ரெண்டாப் பிரிச்சு குறுக்கால கொடுத்திருப்பான். ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும், மேல சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்குற ஏபிஎஸ் வேற.

மலை இறங்கும்போதுதான் டிரம்மோட குணம் தெரியும். ஊட்டி பக்கம் கல்லட்டில 36 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைல 70. மூணாவது கியர்ல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா டிரம் சூடேறி விரியும், ஷூவை விட்டு விலகும். பெடல் தரையத் தொடும். லைனிங் தீயுற வாசனை வந்துச்சுன்னா ஏற்கெனவே லேட்டு. ஏறுன கியர்லயே இறங்கணும், ரெண்டு, இல்ல ஒண்ணு. பெடல் இறங்கிருச்சுன்னா ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விடணும். தண்ணிய ஊத்தாதீங்க, டிரம்ல விரிசல் விழும்.

வண்டி வாங்கினதும் பழசு நல்லாருக்கான்னு பாக்காம மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர் கிட், மூணு ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு போடுங்க. ஹோஸ் வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள ஊதிப்போய் அடைச்சிருக்கும். மிதிச்சா ஆயில் போகும், விட்டா திரும்பி வராது. ஒரு பக்க சக்கரம் மட்டும் கொதிச்சா அதுதான் காரணம். டாட் 3 பிரேக் ஆயில் மட்டும் ஊத்துங்க, வருசத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. அது காத்துல இருக்குற ஈரத்தைக் குடிக்கும். என்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் எல்லாம் உப்பிரும்.

---

கோவை பிஸ்டன் எழுதியது:

இ20 பத்தி நான் சொல்றனுங்க. மூணு தனித்தனிப் பிரச்சினை இருக்குது, எல்லாத்தையும் ஒண்ணாக் குழப்பிக்கறாங்க.

ஒண்ணு, ரப்பரு. பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், கார்க் கேஸ்கெட் எல்லாம் எத்தனால் இல்லாத காலத்துல செஞ்சது. நாளடைவுல இளகி வெடிச்சு ஒழுகும். அதுவும் சூடான என்ஜின் மேல ஒழுகினா தீப்பிடிக்குமுங்க. எத்தனாலைத் தாங்கற எஃப்கேஎம் ரப்பர் ஹோஸ் வாங்கிப் போடுங்க, சாதாரண கறுப்பு ஹோஸ் வேண்டாம்.

ரெண்டு, தண்ணி. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்குல நிறுத்தி வெச்சா டேங்க் அடியில தண்ணியும் எத்தனாலும் தனியாப் பிரிஞ்சு நிக்கும், இரும்பு டேங்க் துருப்பிடிக்கும். துருத்தூள் ஃப்ளோட் சேம்பர் ஊசியில மாட்டினா கார்புரேட்டர் வழியும். நிறுத்தி வெக்கறதா இருந்தா டேங்க்கைக் காலி பண்ணிட்டு, கார்புரேட்டர்ல இருக்கறதையும் ஓட்டித் தீத்துருங்க.

மூணாவது கலவை. அதைச் சுதா மேடம் சொன்னாத்தான் சரியா இருக்கும்.

---

சென்சார் சுதா எழுதியது:

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் விட வேண்டும்.

டிசையர் புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் இதை நொடிக்குப் பல முறை அளந்து இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். அம்பாசிடரில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் எஸ்யு கார்புரேட்டருக்கு என்ன பெட்ரோல் வருகிறது என்று தெரியாது. 1968-ல் வைத்த அளவில்தான் விடும். கலவை மெலிந்து, எக்ஸாஸ்ட் வால்வு சூடேறும், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் இழுவை தயங்கும். அந்தச் சென்சார் செய்கிற வேலையைப் பழைய வண்டியில் ஓட்டுபவரின் காதும் மூக்கும் செய்ய வேண்டும். இரண்டு வண்டிக்கும் அடிப்படை வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.

---

மார்க்டூ மணி எழுதியது:

காதை வைத்து எப்படிச் செய்வது, துரை அண்ணே? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

---

டேப்பெட் துரை எழுதியது:

சொல்றேன் தம்பி. முதல்ல உன் வண்டில இருக்குறது எஸ்யுதானான்னு பாரு. நிறைய வண்டில நடுவுல சோலெக்ஸ் கார்புரேட்டர் மாட்டிருப்பாங்க, அதுக்கு இது ஆகாது.

கலவையத் தொடுறதுக்கு முன்ன வால்வு, டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட், பிளக் மூணும் சரியா இருக்கணும். இல்லன்னா எதைத் திருப்பினாலும் வீண். பிளக் இடைவெளி 0.64 மி.மீ., பாயிண்ட் 0.35-ல இருந்து 0.40. வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வு முனைக்கும் அதை அமுக்குற ராக்கருக்கும் நடுவுல இடைவெளி, என்ஜின் ஆறினப்புறம் 0.38 மி.மீ., பழைய கேஜ்ல பதினஞ்சு தவ் (அங்குலத்துல ஆயிரத்துல பதினஞ்சு).

வால்வு செட் பண்ண ஒன்பது கணக்கு இருக்கு. முன்னால இருந்து வால்வுக்கு ஒண்ணுல இருந்து எட்டு வரை நம்பர் போடு. எட்டாவது வால்வு முழுசாத் திறந்து நிக்கும்போது ஒண்ணாவதை செட் பண்ணு. மூணு திறந்தா ஆறு, அஞ்சு திறந்தா நாலு, ரெண்டு திறந்தா ஏழு. ரெண்டையும் கூட்டினா எப்பவும் ஒன்பது வரணும். கேஜ் லேசா இழுபட்டு வரணும், தளர்வாவும் கூடாது, சிக்கவும் கூடாது.

இப்ப கார்புரேட்டர். என்ஜினை நல்லா சூடாக்கு, சோக்கு முழுசா உள்ள இருக்கணும். மேல இருக்குற பித்தளை மூடியத் திறந்து டேம்பர் ஆயில் பாரு. வறண்டிருந்தா மிதிச்சதும் வண்டி திக்கும். மெல்லிய 20 நம்பர் ஆயில் போதும். அப்புறம் ஏர் கிளீனரைக் கழட்டிட்டு, கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தூக்கு. என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்னா பெட்ரோல் அதிகம். வேகம் குறைஞ்சு அணையப் போனா பெட்ரோல் கம்மி. லேசா ஒரு எழும்பு எழும்பி பழைய நிலைக்கு வந்துட்டா கலவை சரி. அடியில இருக்குற ஜெட் நட்டைக் கீழ இறக்கினா பெட்ரோல் கூடும், மேல ஏத்தினா குறையும். ஒரு தடவைக்கு நட்டோட ஒரு முகம்தான், ஆறுல ஒரு பங்கு சுத்து. திருப்பினதும் ஒரு நிமிசம் ஓட விட்டு மறுபடி தூக்கிப் பாரு.

கடைசியா அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு பிளக்கைக் கழட்டு. பிஸ்கெட் நிறம்னா சரி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தா இன்னும் மெலிவு. கரி அப்பியிருந்தா அதிகம்.

---

கோவை பிஸ்டன் எழுதியது:

துரையண்ணன் சொன்ன வால்வு கிளியரன்ஸோட இன்னொண்ணுமுங்க. நம்ம நாட்டுல 2000-லயே ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திட்டாங்க. அந்த ஈயந்தான் வால்வு உக்காருற இடத்துக்கு மெத்தை மாதிரி இருந்துச்சு. பழைய சிலிண்டர் ஹெட்ல அந்த இடத்துக்குத் தனி சீட் வளையம் கிடையாது, வார்ப்பிரும்புலயே கடைஞ்சிருப்பாங்க. ஈயம் இல்லாம அதிக வேகத்துல ஓட்டினா எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை அரிச்சுட்டு உள்ள இறங்கும்.

அறிகுறி என்னன்னா, வால்வு கிளியரன்ஸ் கூடாம குறைஞ்சுட்டே வரும். டேப்பெட் சத்தம் இல்லியேன்னு சந்தோசப்படக் கூடாதுங்க, சத்தமே இல்லாத அம்பாசிடர்தான் கெட்டுட்டு இருக்குது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா அளந்து எழுதி வெய்ங்க. குறைஞ்சா லாத்துப் பட்டறையில ஹெட்டைக் குடுத்து, எக்ஸாஸ்ட் நாலுக்கும் கடினப்படுத்துன சீட் வளையம் இறக்கச் சொல்லுங்க. ஒரு தடவை செஞ்சாப் போதும்.

இன்னொரு வீண் செலவையும் நிறுத்துங்க. கம்ப்ரஷன் விகிதம் 7 சொச்சந்தான். அதுக்கு அதிக ஆக்டேன் பெட்ரோல் ஊத்தறதால ஒரு பலனும் இல்லீங்க.

---

வைகை62 எழுதியது:

சுதா மேடம் சொன்ன பாதுகாப்பு விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன், அந்த 24, 47 கணக்கு மனதில் நின்றுவிட்டது. ஆனால் சென்னை வெள்ளத்தில் பழசுதானே மேல்? மழை நின்றதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்து, ஆயில் மாற்றி, ஸ்டார்ட் செய்து போய்விடலாம். புது வண்டி இழுவை வண்டியில்தான் போகும்.

---

சென்சார் சுதா எழுதியது:

பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன் சார். தரை விரிப்பு மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால் டிசையரில் ஒயரிங் இணைப்புகள், விளக்கு, கதவுப் பூட்டு போன்றவற்றை இயக்கும் பாடி கன்ட்ரோல் கருவி, ஏர்பேக் கருவி எல்லாம் நனையும். அன்றே ஓடினாலும் மூன்று மாதம் கழித்து இணைப்பு முனைகளில் பச்சை பிடித்துப் பிரச்சினை ஆரம்பிக்கும். நனைந்த வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்.

ஆனால் ஏர் கிளீனர் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் இரண்டும் ஒன்றுதான். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். அம்பாசிடரிலும் பிளக் நாலையும் கழற்றிவிட்டு என்ஜினைச் சுற்றி, தண்ணீர் வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயிலும் மாற்ற வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

நீங்கள் சொல்லாத ஒரு இடத்திலும் பழசு மேல். ஐம்பது வருடம் கழித்து அம்பாசிடருக்கு ஒரு புஷ் தேய்ந்தால் அளவெடுத்து லாத்தில் கடைந்துவிடலாம். டிசையரின் என்ஜினை இயக்கும் கணினியான இசியு பழுதானால் அதில் இருக்கும் சிப்பும் மென்பொருளும் அப்போது கிடைக்குமா? கடைந்தெடுக்க முடியாத பொருள் அது.

---

டேப்பெட் துரை எழுதியது:

டிராஃபிக்ல கொதிக்கிறதப் பத்தி யாரும் சொல்லலையே. அம்பாசிடர் ஃபேன் பெல்ட்ல சுத்துது. சிக்னல்ல ஐடில்ல நிக்கும்போதுதான் காத்து வேணும், அப்பதான் ஃபேன் மெதுவாச் சுத்தும். புது வண்டில எலக்ட்ரிக் ஃபேன், சூட்டைப் பாத்து தானா ஓடும். ரேடியேட்டர் மூடி அழுத்தமும் வேற. பழசுல அரை பார், தண்ணி 111 டிகிரில கொதிக்கும். புதுசுல ஒரு பாருக்கு மேல, 120 வரை தாங்கும்.

நம்ம ஊர்ல கொதிச்சா தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடுறாங்க. தப்பு. நெடுஞ்சாலைல என்ஜின் சூடே ஏறாது, ஆயில் கலங்கும், சிலிண்டர் தேயும். போர்வெல் தண்ணி ஊத்தி ஊத்தி ரேடியேட்டர் குழாய்ல உப்புப் படிஞ்சிருக்கும், அதுதான் கொதிக்கக் காரணம். ரேடியேட்டரைப் பிரிச்சு குழாய்க்குள்ள கம்பி விட்டுச் சுத்தம் பண்ணு. பிளாக்குல இருக்குற வடிகுழாயையும் திற. நாலாவது சிலிண்டர் பக்கம் சேறு கட்டி நிக்கும். அப்புறம் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

பின்னால ஆயில் ஒழுகுதுன்னு பயப்படாத. இந்த என்ஜின்ல பின் மெயின் பேரிங்குக்கு சீலே கிடையாது, கிராங்க்ல வெட்டின திருகுதான் ஆயிலை உள்ள தள்ளுது. ராத்திரி நிறுத்தினா நாலஞ்சு சொட்டு விழத்தான் செய்யும். ஒரு உள்ளங்கை அகலம் விழுந்தா முதல்ல என்ஜின் உள்ள இருக்குற காத்தை வெளிய விடுற ப்ரீதர் குழாய் அடைச்சிருக்கான்னு பாரு. அடைச்சா உள்ள அழுத்தம் ஏறி ஆயில வெளிய துப்பும். அதைப் பாக்காம என்ஜினை இறக்கிறாத.

---

ஆர்சி புத்தகம் எழுதியது:

தினமும் ஓட்டலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்து, அசல் நிலையில் உள்ள வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். எண்ணில் மாநில எழுத்துக்குப் பின் விஏ என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டுமே. அலுவலகம் போக வேண்டுமென்றால் பழைய எண்ணிலேயே வைத்து, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி காட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக என்ஜின் எண்ணை ஆர்சியோடு ஒப்பிடுங்கள். நிறைய அம்பாசிடரில் பின்னாளில் டீசல் என்ஜின் ஏற்றியிருப்பார்கள். என்ஜினோ பாடியோ மாற்றிய வண்டி விண்டேஜ் பதிவுக்கு நிற்காது.

---

மார்க்டூ மணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் தினசரிக்கு டிசையர், வார இறுதிக்கு மார்க் 2 என்று வைத்துக்கொள்வதுதான் சரி. பழையதைப் பார்க்கப் போகும்போது கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

---

கோவை பிஸ்டன் எழுதியது:

ஒரு சின்னக் காந்தம், ஒரு டார்ச்சு, கம்ப்ரஷன் கேஜ், பழைய துணி. போதுமுங்க.

காந்தத்தை ஒரு துணியில சுத்தி கதவு அடிப்பாகம், சக்கர வளைவு, கதவுக்குக் கீழ இருக்கற படிக்கட்டு ஓரமெல்லாம் வெச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா உள்ள பட்டி. தனிச் சட்டம் இல்லாத வண்டிங்கறதால படிக்கட்டுப் பெட்டி துருப்பிடிச்சா வண்டியோட முதுகெலும்பே போன மாதிரி. கீழ படுத்து டார்ச் அடிச்சு, முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கா இருக்கற முறுக்குக் கம்பி, அந்த டார்ஷன் பாரோட பின் முனை மாட்டியிருக்கற குறுக்குச் சட்டத்தையும், பின் பட்டை ஸ்பிரிங் மாட்டற இடத்தையும் பாருங்க. அங்க வெல்டு மேல வெல்டு இருந்தா விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாமுங்க. என்ஜினை எப்ப வேணாலும் சிலிண்டரைக் கடைஞ்சு போர் அடிக்கலாம், உடம்பு அப்படி இல்லை.

---

டேப்பெட் துரை எழுதியது:

கம்ப்ரஷன் பாக்கும்போது நாலு பிளக்கையும் கழட்டிரு, காயில் வயரையும் எடுத்துரு, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சுப் புடி. இல்லன்னா எல்லாச் சிலிண்டரும் கம்மியாக் காட்டும். நாலுக்கும் நடுவுல பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒண்ணு மட்டும் குறைஞ்சா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாரு. ஏறினா ரிங்கு, ஏறலன்னா வால்வு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேந்து குறைஞ்சா ஹெட் கேஸ்கெட்.

எர்த், அதாவது பேட்டரில பாடியோட சேத்திருக்குற முனை, எந்தப் பக்கம்னும் பாத்துட்டு வா. பழைய லூக்காஸ் ஒயரிங்ல பாசிட்டிவை பாடில எர்த் பண்ணின வண்டி உண்டு. அதுல நெகட்டிவ் எர்த்துன்னு நினைச்சு ஆல்டர்னேட்டர் மாட்டினா டயோடு அந்த நிமிசமே போயிரும்.